மட்டை பிடிப்பவர் ஒருவர், பை பிடிப்பவர் நால்வர்

வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: பெங்களூர் கனகபுரா ரோடு பக்கம் ஒரு ரிசார்ட். கிரிக்கெட்டுக்கென்றே தனிக் கூடம் கட்டியிருக்கிறார்கள். பவுலிங் மெஷின், திரையில் பந்து வீச்சாளர் ஓடி வரும் சிமுலேட்டர், கையெழுத்துப் போட்ட பேட்டுகள் வைத்த கண்ணாடி அலமாரி எல்லாம் உண்டு. இதோடு சேர்த்து இரண்டு இரவு பேக்கேஜ் எடுத்தால் சாதாரண அறையைவிட 9,000 ரூபாய் கூட. நாங்கள் ஐந்து பேர். மகனுக்கு 14 வயது, கிரிக்கெட் பைத்தியம். மகளுக்கு 6. மாமியாருக்கு 70, முழங்கால் வலி. எடுக்கலாமா?
(வாசகி, அல்சூர்)

பதில்: மாமியாரின் முழங்கால் வரை எழுதிவிட்டீர்கள், கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேக்கேஜைக் கண்டுபிடித்தவர் அவர்தானே?

9,000 ரூபாயை ஐந்தால் வகுத்து, தலைக்கு 1,800தான் என்று ரிசார்ட்காரர் சொல்லியிருப்பார். அந்தக் கணக்கு தப்பு. மட்டை பிடிக்கப் போவது அப்பாவும் மகனும்தான். ஆளுக்கு 4,500. அதற்கு எத்தனை பந்து? முதலில் இதைக் கேளுங்கள். 'ஒரு முறை ஆடலாம்' என்று மட்டும் சொன்னால் அது ஆறு பந்தாகவும் இருக்கலாம்.

பெங்களூரில் வளரும் கிரிக்கெட் பைத்தியம் வாரம் தவறாமல் எங்காவது ஆடிக்கொண்டுதான் இருக்கும். மொட்டை மாடியில்கூட வலை கட்டி, டர்ஃப் விரித்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற ஊர் இது. கூட்டாளிகளோடு வாடகையைப் பங்கு போட்டு, சண்டை போட்டு, அவுட்டா இல்லையா என்று கத்தி ஆடுகிற பையனுக்கு மெஷின் துப்புகிற பந்து அரை மணியில் சலித்துவிடும். மகளுக்கோ அந்தப் பக்கம் வேலையே இல்லை. மெஷினில் போடும் பந்து தோல் பந்து இல்லை என்பார்கள். இல்லாவிட்டாலும் கெட்டியானதுதான். ஆறு வயதுக் குழந்தையை வலைக்குள் விட மாட்டார்கள், விடவும் கூடாது. கையெழுத்துப் போட்ட பேட்டைப் பார்த்து முடிக்க மாமியாருக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரே விளையாட்டைக் குடும்பம் முழுவதுக்கும் விற்பதில் பெரிய கைகளே சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் புளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு, குடும்பச் சுற்றுலாவை வைத்தே வாழ்கிற இடம். அங்கே 2019 ஆகஸ்ட் 12 அன்று, கூடைப்பந்துக்காக 'என்பிஏ எக்ஸ்பீரியன்ஸ்' என்று ஒன்றைத் திறந்தார்கள். என்பிஏ என்பது அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக். இரண்டு மாடிக் கட்டடம். வளையத்தைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள், நாமும் எம்பிப் பந்தைத் திணித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். நடுவரைப் போல ரீப்ளே பார்த்துத் தீர்ப்பு சொல்லலாம். பெரியவர்களுக்கு நுழைவு 34 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 2,400 ரூபாய். 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாமே மூடியது. பூங்காக்கள் மறுபடி திறந்தன, இது திறக்கவில்லை. 2021 ஆகஸ்டில் நிரந்தர மூடல் என்று சொல்லிவிட்டார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். அதே 2020-ல், ஜூலை முதல் அக்டோபர் வரை, நிஜமான என்பிஏ ஆட்டங்கள் அதே டிஸ்னி வளாகத்தில்தான் நடந்தன. 1997-ல் திறந்த விளையாட்டு மைதானங்கள் அங்கே தனியாக இருக்கின்றன. அந்த மைதானங்களுக்கு இன்றும் பள்ளிப் பிள்ளைகள் போட்டிக்கு வருகிறார்கள். பிள்ளை ஆட வருகிறது, குடும்பம் பின்னாலேயே வந்து அறை எடுக்கிறது. வளையத்தைத் தாழ்த்தி வைத்த கட்டடத்தில், கூடைப்பந்து பிடிக்காத அம்மாவுக்கு 34 டாலருக்கு என்ன இருந்தது? மூடியதற்குக் கொரோனா காரணம், சரி. திறக்காமல் விட்டதற்குக் காரணம் இதுதான் என்பது என் கட்சி.

எனக்கும் அனுபவம் உண்டு. கோல்ஃப் பயிற்சி சேர்த்த பேக்கேஜ் ஒன்றை ஒரு முறை வாங்கினேன். எனக்குக் கோல்ஃப் வராது, வீட்டில் யாருக்கும் வராது. முப்பது பந்து கொடுத்தார்கள், அடி பாதிக்கு மேல் புல் மேல்தான் விழுந்தது. மனைவி வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் செருப்பையும் கைப்பையையும் காத்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடக் கோல்ஃப். அதைப் பற்றி வீட்டில் இன்றும் பேச்சு ஓயவில்லை.

சாதாரண அறையே எடுங்கள். கூடத்துக்குத் தனி டிக்கெட் உண்டா, வேகத்தைக் குறைத்து வைப்பார்களா, ஹெல்மெட்டும் கால்காப்பும் பையன் அளவில் இருக்கின்றனவா என்று கேட்டு, அப்பாவையும் மகனையும் ஒரு மணி நேரம் அனுப்பி வையுங்கள். மிச்சப் பணத்தில் மாமியாருக்குத் தரைத்தளத்தில் அறை கேளுங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக எத்தனை படி என்று யாராவது விசாரித்தீர்களா?

கேள்வி: ரிசார்ட் உணவக பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். கொடுத்தே ஆக வேண்டுமா?
(ஜீவன் பீமா நகர்)

பதில்: வேண்டாம். தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. எடுத்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி வேறு, அதோடு இதைக் குழப்ப வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு கோ-கார்ட் டிக்கெட் வாங்கினோம். உயரம் போதாது என்று ஏற்ற மறுத்துவிட்டார்கள். போர்டு இருந்தது, ஆனால் கேட்டால் விடுவார்கள் என்று நினைத்தோம். பணமும் திரும்பாதாம்.
(ராமமூர்த்தி நகர்)

பதில்: போர்டு இருந்தது என்று நீங்களே எழுதிவிட்ட பிறகு நான் என்ன சொல்ல? 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்று கன்னடத்தில் சொல்வது பஸ்ஸில் இடம் கேட்க. பெடலுக்குக் கால் எட்டாத பையனுக்கு எதை அட்ஜஸ்ட் செய்வது? பையனை ஏற்றாமல் விட்டவருக்கு நன்றி சொல்லுங்கள். அடுத்த முறை கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிட்டுப் போங்கள். பணத்தை மறந்துவிடுங்கள்.

கேள்வி: 'எல்லா விளையாட்டும் இலவசம்' என்று விளம்பரம். போனால் நீச்சல் குளம் பராமரிப்பில், வில்வித்தைக்கு ஆள் லீவு, பேட்மின்டன் கோர்ட்டில் யாரோ கல்யாணத்துக்கு ஷாமியானா. மேனேஜர் சிரித்தே சமாளித்தார். இதையெல்லாம் கேட்க முடியுமா?
(விவேக் நகர்)

பதில்: முடியும். ஆனால் அதற்கு முன் என்னைக் கொஞ்சம் புலம்ப விடுங்கள், இது என் பழைய கோபம்.

ரிசார்ட்டில் இலவசம் என்று எதுவும் கிடையாது. அறை வாடகைக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது, அதனால்தான் வெறும் லாட்ஜுக்கு மூன்று மடங்கு வாடகை. 'இலவசம்' என்று பெயர் வைப்பதில் ஒரு தந்திரம் உண்டு. கிடைக்காதபோது நீங்கள் கூச்சப்படுவீர்கள். ஓசியில் கொடுத்ததைக் கேட்டுச் சண்டை போடுவதா என்று தோன்றும். மேனேஜரின் சிரிப்பு அந்தக் கூச்சத்தை நம்பித்தான் பிழைக்கிறது. நான் போன ஒரு இடத்தில் 'உள்ளரங்க விளையாட்டு மையம்' என்று போட்டிருந்தார்கள். ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை, ஒரே ஒரு பேட். கேரம் போர்டு இருந்தது, ஸ்ட்ரைக்கர் இல்லை. கேட்டால், "போன வாரம் வந்த பார்ட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க சார்." சோடா மூடியை வைத்து ஆடினோம். அன்று நானும் சிரித்துவிட்டு முழுப் பணமும் கட்டிவிட்டு வந்தவன்தான். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவைக் குறைபாடு' என்பதற்குள், வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். குளம் மூடியிருப்பது பணம் வாங்கும்போதே அவர்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறீர்களா? மூடிய குளத்தையும் ஷாமியானாவையும் படம் எடுத்தீர்களா? இருந்தால் வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். போனில் பேசாதீர்கள், போன் பேச்சுக்கு ரசீது கிடையாது. இனிமேல் அட்வான்ஸ் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி கேளுங்கள்: "நாங்கள் வரும் தேதியில் எது எது ஓடும்?" பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

கேள்வி: ஓய்வு பெற்றவன். லக்கி டிராவில் பரிசு, தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஹோட்டலுக்கு அழைத்தார்கள். மூன்று மணி நேரம் பேசினார்கள். பேரப் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் பயிற்சி, டென்னிஸ், நீச்சல் எல்லாம் உள்ள ரிசார்ட், பத்து வருட உறுப்பினர் என்றார்கள். கார்டில் 1,20,000 கட்டினேன். ஏழு மாதம் ஆகிறது. நேரில் போய்ப் பார்த்தேன், அங்கே மைதானமே இல்லை. 'கட்டப்படும்' என்கிறார்கள். என் முட்டாள்தனம்தான்.
(சி.வி. ராமன் நகர்)

பதில்: ஐயா, அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள். மூன்று மணி நேரம் ஏசி அறையில் உட்கார வைத்து, பக்கத்து மேஜையில் யாரோ சேர்ந்துவிட்டதாகக் கை தட்டி, யோசிக்க இடம் கொடுக்காமல் கையெழுத்து வாங்குவது ஒரு தொழில். அந்த அறையிலிருந்து வெறுங்கையோடு எழுந்து வருவது படித்தவர்களுக்கும் கஷ்டம். நேரில் போய்ப் பார்த்தீர்களே, அது பெரிய காரியம்.

பணம் வீணாகிவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். முதலில் 1915-க்கு போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பக் கேட்டு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கார்டு கொடுத்த வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இதில் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். இரண்டு வருடக் கெடு இருக்கிறது, உங்களுக்கு ஏழு மாதம்தான் ஆகியிருக்கிறது. மைதானம் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறதோ அதைப் படம் எடுத்து, அவர்கள் கொடுத்த பளபளப்பான புத்தகத்தோடு வையுங்கள். அவர்கள் புத்தகமே உங்களுக்குச் சாட்சி. இதற்கிடையே வருடப் பராமரிப்புக் கட்டணம் என்று கேட்பார்கள். விவகாரம் தீரும்வரை கட்ட முடியாது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: ரிசார்ட் புல்வெளியில் பெரிய திரையில் மேட்ச் காட்டுகிறார்கள். தலைக்கு 1,500, சாப்பாடு தனி. குடும்பத்தோடு போகலாமா?
(மர்ஃபி டவுன்)

பதில்: வீட்டு டிவியில் வருகிற அதே மேட்ச்தானே? கடலை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே உட்காருங்கள்.