வானிலை செயற்கைக்கோளை ஏவிய பிறகு யாரும் தொட முடியாதே, அதிலுள்ள மைக்ரோவேவ் சென்சாரை எப்படிக் காலிபிரேஷன் செய்கிறார்கள்?

தொட வேண்டியதே இல்லை. சரிபார்க்கத் தேவையான சாமானும் கருவியோடு சேர்ந்தே மேலே போய்விடுகிறது.

நான் மொரீஷியஸில் ஒரு சர்க்கரை ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கிறேன். அரவை தொடங்குமுன் வெப்ப சென்சார்களையெல்லாம் கழற்றிச் சோதிப்போம். பி.டி.100 என்ற பிளாட்டினம் சென்சார் ஐஸ் தண்ணீரில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் காட்ட வேண்டும். இரண்டு புள்ளி கிடைத்தால் நடுவில் கோடு போட்டுவிடலாம்.

மேலேயும் அதே கதைதான். சூமி என்.பி.பி., நோவா-20 போன்ற அமெரிக்க வானிலை செயற்கைக்கோள்களில், காற்றின் சூட்டையும் ஈரத்தையும் மைக்ரோவேவ் வழியாக அளக்கும் ஏ.டி.எம்.எஸ். கருவியின் ஆன்டெனா மூன்று வினாடிக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும். பூமியில் 96 இடங்களைப் பார்த்துவிட்டு, வெற்று விண்வெளியை நாலு தடவை, உள்ளே வைத்திருக்கும் கறுப்புத் தகட்டை நாலு தடவை பார்க்கும். விண்வெளி 2.73 கெல்வின், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 270 டிகிரி, அது தெரிந்த கணக்கு. தகட்டின் சூட்டைச் சொல்வது யார் என்கிறீர்கள்? எங்கள் ஆலையில் கிடக்கும் அதே பிளாட்டினம் ஜாதிதான்!

தலைவலி இதற்குப் பிறகுதான். மாதத்தில் சில நாள் நிலா அந்த விண்வெளிப் பார்வைக்குள் வந்து நிற்கும். பூமியின் கதிர்வீச்சும் ஓரமாகக் கசியும். 2003-இல் ஏவிய டி.எம்.எஸ்.பி. எஃப்-16 என்ற அமெரிக்க ராணுவ வானிலை செயற்கைக்கோளில் தகட்டின் மேலேயே வெயில் பட்டது. மேற்பரப்பு சூடேறியது, உள்ளே புதைந்திருந்த வெப்பமானிக்கு அது தெரியவில்லை. அளவுகள் ஒரு கெல்வின் அளவுக்குப் பிசகின.

ஒரு கெல்வின்தானே என்று விட முடியாது. புயலின் மேல்பகுதியில் நடுப்பாகம் சுற்றுப்புறத்தைவிடச் சில கெல்வின்தான் சூடாகத் தெரியும். 55 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துச் சேனல்களில் அதைப் பார்த்துப் புயலின் பலத்தைக் கணிக்கிறார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயியில் கார்கள் வெள்ளத்தில் போனதைப் பார்த்த எங்களுக்கு, நாலாபுறமும் கடலாக இருக்கையில், இந்தச் சில கெல்வின் சாதாரண விஷயமில்லை.

இன்னொன்று, இரண்டு புள்ளிக்கு நடுவில் போடும் அந்தக் கோடு உண்மையில் நேர்கோடு இல்லை, லேசாக வளைந்திருக்கும். எவ்வளவு வளைவு என்பதை ஏவுமுன்பே வெற்றிட அறையில் கருவிக்கு வெளியே வைத்த இன்னொரு தகட்டைப் படிப்படியாகச் சூடாக்கிக் குறித்துக்கொள்வார்கள். 2014-இல் போன, மழையை அளக்கும் ஜி.எம்.ஐ. கருவியில் தாழ்ந்த அதிர்வெண் சேனல்களுக்கு, தெரிந்த அளவு சிக்னலைக் கூடுதலாகச் சேர்க்கும் நாய்ஸ் டயோடு வைத்து, இரண்டு புள்ளியை நாலாக்கி, வளைவை மேலே போன பிறகும் அளக்கிறார்கள். அதனால்தான் மற்ற செயற்கைக்கோள்களின் அளவுகளை அதோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.