ராணுவ அதிகாரியாக இருந்துவிட்டுத் தளவாடக் கொள்முதல் வேலைக்குப் போகலாமா?

தம்பி, பத்து வருடம் காலாட்படையில் அதிகாரியாக இருந்தாயிற்று, இப்போது கொள்முதல் பக்கம் வரச் சொல்கிறார்கள், போனால் கோப்பு தள்ளும் வேலையாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே வழியில் வந்தவன்தான். சிங்கப்பூர் ஆயுதப்படையின் பயிற்சிக் கழகமான சாஃப்டியில் பயிற்சி முடித்து இருபது வருடத்துக்கு மேல் சீருடையில் இருந்தேன். அப்புறம் கொள்முதல். தயங்காமல் போங்கள்.

என் பிளட்டூன் பழைய எம்-16 துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, நம் நாட்டிலேயே செய்த சார் 21 (SAR 21) துப்பாக்கியை வாங்கிய நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. பழைய துப்பாக்கியைவிட ஏறக்குறைய ஒரு சாண் நீளம் குறைவு. லாரியிலிருந்து இறங்கும்போது எதிலும் மாட்டவில்லை. தோட்டா வெடிக்கும் அறை கன்னத்துக்குப் பக்கத்திலேயே வருவதால், ஏதாவது ஆனால் முகத்தைக் காக்க அங்கே கெவ்லார் என்ற உறுதியான இழையால் ஆன ஒரு தகடு வைத்திருந்தார்கள். சுடுபவனின் கன்னம் எங்கே படும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்! அந்த யாரோவாக நானும் ஒருநாள் ஆக வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு வந்ததுதான்.

பல வருடம் கழித்து, கொள்முதல் வேலையில், ஒரு ராணுவ வண்டிச் சோதனையில் அந்த வாய்ப்பு கிடைத்தது. வரைபடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. இருக்கை அகலம், கதவு உயரம், இறங்க ஆகும் நேரம், எதிலும் குறையில்லை. முழுச் சுமையோடு, கையுறை போட்டு, மழையில் நனைந்த பையன்களை ஏற்றி உட்கார வைத்தோம். இறங்கச் சொன்னால் மூன்றாவது இருக்கையில் இருந்த குள்ளமான பையன் எழுந்திருக்கவே இல்லை. இருக்கை வாரின் கொக்கி, நெஞ்சில் கட்டியிருந்த தோட்டாப் பைக்கு அடியில் போய்விட்டது. கையுறை விரலுக்கு அது தட்டுப்படவில்லை. பின்னால் இருந்த இரண்டு பேரும் அவனுக்காகக் காத்து நின்றார்கள். எங்கள் பொறியாளர்கள் மகா கெட்டிக்காரர்கள். ஆனால் அந்தப் பையை மாட்டிக்கொண்டு இரவு முழுக்க லிம் சூ காங் பயிற்சிக் காட்டில் நடந்தவர்கள் இல்லை. கொக்கியைப் பக்கவாட்டுக்கு மாற்றும்படி எழுதினேன், மாற்றினார்கள். உங்கள் பத்து வருடம் அங்கே பயன்படுவது இப்படித்தான்.

ஆனால் ஒரு படைவீரர் அங்கே போனால் விட்டொழிக்க வேண்டியதும் உண்டு. நான் எழுதிய முதல் தேவை அறிக்கையை மேலதிகாரி அப்படியே திருப்பி அனுப்பினார். “இதில் நீங்கள் ஒரு பொருளை வருணித்திருக்கிறீர்கள். படைக்கு என்ன வேண்டும் என்பது எங்கே?” என்று கேட்டார். அவர் சொன்னது உண்மை. எனக்குப் பிடித்த ஒரு கருவியின் எடை, நீளம், பேட்டரி எல்லாவற்றையும் தேவை என்ற தலைப்பில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளை வைத்து ஏலக்குத்தகை (டெண்டர்) விட்டிருந்தால் ஒரே ஒரு நிறுவனம்தான் தேறியிருக்கும். அதனால்தான் எந்த அம்சத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை விலைப்புள்ளிகளைப் பிரிப்பதற்கு முன்பே எழுதி மூடிவிடுகிறோம். பிரித்த பிறகு மனசு சாயும், யாருக்கும்.

இன்னொன்று, காலக்கணக்கு. படையில் இரண்டு வருடத்துக்கு ஒரு பொறுப்பு மாறும். இங்கே அப்படி இல்லை. 1995இல் சுவீடனிடமிருந்து பழைய நீர்மூழ்கி வாங்கினோம். பால்டிக் கடலின் குளிருக்குக் கட்டியவை அவை. நம் வெந்நீர்க் கடலுக்கு ஏற்றபடி குளிர்சாதனம், அரிப்பைத் தாங்கும் குழாய்கள், அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க ஏற்பாடு, எல்லாம் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தை வைத்து நமக்கென்றே வடிவமைக்கச் சொல்லி ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டது 2013இல். முதல் இரண்டு கப்பல்களும் படையில் சேர்ந்தது 2024 செப்டம்பரில். பதினோரு வருடம்! கையெழுத்தான நாளைக் கல்யாண நாள் என்று வைத்துக்கொண்டால், குடித்தனம் அதற்கப்புறம் முப்பது வருடம். உதிரிபாகம், பழுதுபார்ப்பு, பயிற்சி, மென்பொருள் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். வாங்கும் விலையை மட்டும் பார்த்துப் பேசுகிறவரிடம் எனக்குப் பொறுமை போய்விடும்.

வீட்டிலும் ஒரு மாற்றம் வரும், சொல்லிவிடுகிறேன். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், நாங்கள் பேச்சுவார்த்தையில் இருந்த ஒரு விற்பனையாளரிடமிருந்து வீட்டுக்கு இனிப்புக் கூடை வந்தது. அம்மா வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டார். நான் அதைத் திரும்பக் கட்டியதும், “பண்டிகைக்குக் கொடுத்ததை யாராவது திருப்புவாங்களா?” என்று வருத்தப்பட்டார். உட்கார வைத்து விளக்கினேன். அரசாங்கத்தோடு தொழில் செய்ய நினைப்பவர் அரசு ஊழியருக்குக் கொடுப்பதை, இல்லை என்று நிரூபிக்கும்வரை லஞ்சமாகவே நம் ஊழல் தடுப்புச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் இது வழக்கம் என்று காட்டும் சாட்சியத்தையும் நீதிமன்றம் ஏற்காது. கூடையைத் திருப்பி அனுப்பி, அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தேன். மறு வருடத்திலிருந்து வாசலில் யார் எதை நீட்டினாலும் அம்மாவே, “யார்கிட்டேருந்து?” என்று முதலில் கேட்டுவிடுவார்.

பதவி மரியாதை பற்றியும் கேட்டிருந்தீர்கள். சல்யூட் கிடையாது. இருபத்தெட்டு வயதுப் பொறியாளர் கூட்டத்தில், “சார், உங்கள் கணக்கு தப்பு” என்பார். பெரும்பாலும் சரியாகவே சொல்வார். முதல் ஆறு மாதம் உறுத்தும், அப்புறம் பழகிவிடும்.

சேர்வதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் கேம்ப் பண்டகசாலையில் இருக்கும் மூத்த சார்ஜன்டிடம் போய், கடந்த இரண்டு வருடத்தில் எந்தப் பொருள் அதிகமாகத் திரும்பி வந்தது, எந்த இடத்தில் உடைந்தது என்று கேளுங்கள். கூடவே ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். அவர் நிறைய சொல்வார்.