தென்னாப்பிரிக்காவில் ஏன் எரிமலை இல்லை?

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்க வரைபடத்தில் எத்தியோப்பியாவிலிருந்து தான்சானியா வரை எரிமலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. தெற்கே தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா பக்கம் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. பூமியின் மேலோடு பிரிந்திருக்கும் தட்டுகளின் விளிம்பில்தான் எரிமலை வரும் என்று பள்ளியில் படித்தோம். காரணம் அவ்வளவுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பள்ளிக்கூடப் பதில் பாதிதான் சரி. கேமரூன் மலை எந்தத் தட்டின் விளிம்பிலும் இல்லை. ஆனாலும் 1999இலும் 2000இலும் வெடித்தது. சஹாராவின் நடுவே திபெஸ்தியிலும் எரிமலைகள் உண்டு. விளிம்பை விட்டுவிட்டு அடியைப் பார்ப்போம்.

நம் காலுக்குக் கீழே எங்கும் பாறைக் குழம்பு கொதிக்கிறது என்றொரு நினைப்பு நமக்கு. உண்மையில் அங்கே இருப்பது பெரும்பாலும் கெட்டிப் பாறை. நல்ல சூடுதான், ஆனால் மேலேயுள்ள பாரம் அதை உருக விடாது. குக்கருக்குள் நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் தண்ணீராகவே கிடக்கிறதே, அந்த மாதிரி. அந்தப் பாறை மேலே எழும்பி அழுத்தம் குறைந்தால் உருகும். கிழக்கே கண்டம் பிளந்து மெலிந்து வருவதால் எழும்ப இடம் இருக்கிறது. தெற்கே காப்வால் என்ற பழம்பாறைத் திட்டு மூடி போட்டிருக்கிறது. வயது 250 கோடி ஆண்டுகளுக்கு மேல், பூமிக்குள் இறங்கும் அதன் வேரின் ஆழம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.

இத்தகைய திட்டுகளின் பிடிவாதத்தைத் தான்சானியாவில் பார்க்கலாம். கிழக்காப்பிரிக்கப் பிளவு அங்குள்ள பழம்பாறையைப் பிளக்க முடியாமல், கிளை பிரிந்து இருபுறமும் சுற்றிக்கொண்டு போகிறது. எரிமலைகளும் ஓரமாகத்தான். நடுவில் விக்டோரியா ஏரி சாவகாசமாகக் கிடக்கிறது.

காப்வாலின் குளிர்ச்சி சுரங்கத்தில் தெரியும். ஜோகன்னஸ்பர்க் அருகே ம்போனெங் தங்கச் சுரங்கம் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழம். அடியில் பாறை அறுபது டிகிரிக்கு மேல் சுடுகிறது. ஐஸ் கூழை உள்ளே அனுப்பித்தான் ஆட்கள் வேலை செய்கிறார்கள். இதைப் போய்க் குளிர்ச்சி என்கிறேனா? வழக்கமாகக் கிலோமீட்டருக்கு 25 டிகிரி ஏறும். அந்தக் கணக்கில் நூறைத் தாண்டியிருக்க வேண்டும்.

சரி, அந்த மூடியை எதுவும் துளைத்ததே இல்லையா? துளைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி ஊரில் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் 150 கிலோமீட்டருக்கும் கீழிருந்து குழம்பு பீறிட்டு வந்தது. வரும் வழியில் வைரங்களையும் அள்ளி வந்தது. வைரம் அவ்வளவு ஆழத்தில் கெடாமல் இருந்ததற்கும் அதே தடித்த, சூடு குறைந்த வேர்தான் காரணம். குழம்பு வந்த அந்தக் குழாயைத்தான் 1871 முதல் 1914 வரை கடப்பாறையும் மண்வெட்டியுமாகத் தோண்டினார்கள். ஊரின் நடுவே அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது, அடியில் பச்சைத் தண்ணீரோடு.