பிசியோ படிச்சா ஸ்போர்ட்ஸ் டாக்டரா?

அண்ணே வணக்கம். உசிலம்பட்டி பக்கம் அரசுப்பள்ளியில பிளஸ் ஒன், பயாலஜி குரூப். கபடி ஆடுவேன், ரைடர். போன திருவிழா மேட்ச்ல முட்டி திரும்பிருச்சு. நாட்டுவைத்தியர்ட்ட ரெண்டு மாசம் கட்டு போட்டு, அப்புறம் ஸ்கேன் எடுத்தா ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னாங்க. அதுலருந்து ஸ்போர்ட்ஸ் டாக்டர் ஆகணும்னு இருக்கு. நேரா அதுக்கு கோர்ஸ் இருக்கா? பிசியோ படிச்சா போதும்ங்கிறாரு பி.டி. சார்.

தம்பி, நேரா கெடையாது. நீட் எழுதி எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம், மறுபடி நீட் பிஜி, அப்புறம் எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின் மூணு வருஷம், ஆக எட்டரை, இதுல பிஜிக்குன்னு ஒக்காந்து படிக்கிற வருஷத்த யாரும் கணக்குல சேக்க மாட்டாய்ங்க. ஆறாப்புலருந்தே அரசுப்பள்ளின்னா எம்.பி.பி.எஸ். சீட்டுல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கு, விட்றாத. எம்.டி. சீட்டு நாடு பூராவுமே கொஞ்சந்தான், அதனால நெறைய பேரு எம்.எஸ். ஆர்த்தோ, அதான் எலும்பு மூட்டு ஆபரேஷன் படிப்பு, முடிச்சிட்டு, மூட்டுக்குள்ள சின்னக் கேமரா விட்டுப் பாக்குற ஆர்த்ரோஸ்கோப்பியில ஃபெலோஷிப்னு தனிப் பயிற்சி பண்ணி இந்தப் பக்கம் வர்றாங்க. பிசியோதெரபி தனி ரூட்டு. மொதல்ல பி.பி.டி. டிகிரி, அதுக்கு மேல எம்.பி.டி. ஸ்போர்ட்ஸ். அது மட்டம் இல்ல, டீம் கூடவே கெடக்குறது பெரும்பாலும் பிசியோதான், ஆனா அது வழியா எம்.டி.க்குப் போக முடியாது.

கத்தி பிடிக்கிறதுதான் இந்த வேலைன்னு நெனச்சுறாத. தலையில அடிபட்டவன மறுபடி எறக்கலாமா, வெயில்ல சுருண்டு விழுந்தவனுக்கு மொதல்ல என்ன செய்யணும், சளி மாத்திரையில இருக்குற சூடோஎபெட்ரின்ங்கிற மருந்து ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டிவிடலாம்னு முன்கூட்டியே சொல்றது, இதுதான் தெனப்படி பொழப்பு. எல்லாத்தையும் விட கஷ்டம் 'வேணாம்'னு சொல்றது. ஜவ்வு ஆபரேஷன் பண்ணவனுக்கு ஆறு மாசத்துலயே வலி போயிரும், ஓடுவான், குதிப்பான், ஆனா ஒம்பது மாசத்துக்குள்ள மேட்ச்ல எறக்குனா திரும்பக் கிழியிற வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி, அந்நேரம் ஊரே வந்து நின்னு ஃபைனல் சார் ஒரே ஒரு மேட்ச் சார்னு கெஞ்சும். அலங்காநல்லூர்ல மாடு பிடிக்க வந்தவன மெடிக்கல் செக்கப்ல தகுதி இல்லன்னு திருப்பி அனுப்புவாங்கல்ல, அப்ப அவன் மூஞ்சியப் பாத்திருக்கியா? தெனம் அந்த மூஞ்சிதான்.

அது சரி, ஒன் முட்டிக்கு ஆபரேஷன் ஆச்சா இல்லையா, எழுதவே இல்லையே? ஆர்த்தோ டாக்டர்ட்ட காட்டாம இந்த வருஷத் திருவிழா மேட்ச்ல எறங்காத. ஊர் கெஞ்சுனாலும்.