‘மட்டும்’ என்ற சொல்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மெக்கானிக்கல் படித்தவன், வீட்டில் முதல் பட்டதாரி. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க, அதற்கான நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ. எழுதப்போகிறேன். 40 நாள்தான் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. இலவச மாதிரித் தேர்வில் குவான்ட் என்கிற கணக்குப் பகுதியில் 164, வெர்பல் என்கிற ஆங்கிலப் பகுதியில் 147. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அதுதான் காலை வாருகிறது. 1,000 சொல் பட்டியல் போதுமா, 3,500 சொல் பட்டியலையே முடித்துவிடவா? கோச்சிங் சேரலாமா? நான் தவறவிட்ட ஒரு பத்தியையும் என் விடையையும் இணைத்திருக்கிறேன்.

உங்கள் பெரிய நாவலை ஒரே இரவில் படித்து முடித்தேன்.

ம.

அன்புள்ள ம.,

கோச்சிங் வேண்டாம். போய்வருவதிலேயே அந்த ஒரு மணி நேரம் கரைந்துவிடும். குவான்டில் 164 எடுத்தவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. தேர்வின் கட்டுரைப் பகுதிக்கு ஞாயிறுதோறும் 30 நிமிடம் கடிகாரம் வைத்து ஒன்று எழுதிப் பாருங்கள், போதும்.

பட்டியல் விஷயம். என் மகள் 2023 டிசம்பரில் இந்தத் தேர்வை எழுதினாள். மூன்று மாதம் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவளோடு உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியையும் வாசித்தேன். அந்தப் பழக்கத்தில்தான் சொல்கிறேன். வெர்பலில் மொத்தம் 27 கேள்வி, 41 நிமிடம். ஏறக்குறைய பாதி, பத்தியை வாசித்துப் பதில் சொல்பவை. 2011 ஆகஸ்ட் வரை எதிர்ச்சொல், சொல்லுக்குச் சொல் உறவு என்று தனிச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தடித்த பட்டியலுக்கு அன்று வேலை இருந்தது. அந்தக் கேள்விகளையே எடுத்துவிட்டார்கள், பட்டியல் மட்டும் அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாறிக்கொண்டே வருகிறது. 1,000 சொல்லோடு நிறுத்துங்கள். அதையும் கம்பெனி பஸ்ஸில் படியுங்கள்.

தமிழ் மீடியம் காலை வாருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி இரண்டு நாளாக உறுத்துகிறது. அதை அடித்துவிடுங்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல் பழியைப் போடுவதற்கு முன் நீங்கள் அனுப்பிய பத்தியை இன்னொரு முறை பாருங்கள். பறவைகள் வலசை போவதைப் பற்றியது. அதில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றாவது இருக்கிறதா? பறவை, வெப்பநிலை, பகல் நீளம், காலம். எல்லாம் பத்தாம் வகுப்புச் சொற்கள். ‘வெப்பநிலையை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியாது’ என்கிறது பத்தி. வெப்பநிலைக்கு இதில் பங்கே இல்லை என்ற விடையை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அந்த ‘மட்டும்’ ஆங்கிலத்தில் ‘அலோன்’. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாத பொறியாளர் உண்டா? சொல் தெரியும். கண் அதன் மேல் நிற்கவில்லை. அந்தப் பத்தி தமிழில் இருந்திருந்தாலும் இதே தவறைத்தான் செய்திருப்பீர்கள்.

நான் செய்திருக்கிறேன், தமிழில்.

1987இல் மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மெய்ப்புத் திருத்தும் பெரியவருக்கு மூலப்படியை உரக்க வாசிப்பது என் வேலை. நான் வாசிக்க வாசிக்க அவர் ப்ரூஃபை, அதாவது சோதனைக்காக அச்சடித்த தாளை, பார்த்துக்கொண்டே வருவார். ஒரு நாள் அவர் வரவில்லை. ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையின் அறிவிப்பு, எட்டே வரி. நானே மூலத்தை ஒரு தடவை வாசித்தேன், ப்ரூஃபை ஒரு தடவை வாசித்தேன், கையெழுத்துப் போட்டேன். ட்ரெடில் அச்சு இயந்திரத்தில் 500 பிரதி ஓடியது. மூலத்தில் இருந்தது இது: ‘ரசீது மட்டும் இருந்தால் பொருள் வழங்கப்படமாட்டாது, உறுப்பினர் அட்டையும் வேண்டும்.’ அச்சில் வந்தது: ‘ரசீது இருந்தால் பொருள் வழங்கப்படமாட்டாது.’ அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் ஒரு சொல்லை விட்டிருந்தார். மூலத்தை வாசித்த ஞாபகத்தில் என் மனசு அந்தச் சொல்லைத் தானே போட்டுக்கொண்டுவிட்டது. இல்லாத ‘மட்டும்’ எனக்குத் தெரிந்தது.

காகிதக் காசைச் சம்பளத்தில் பிடித்தார்கள். மறுநாள் பெரியவர் வந்தார். ஒரு பழைய அஞ்சலட்டையை எடுத்து, அடுத்த வரி தெரியாதபடி ப்ரூஃபின் மேல் வைத்தார். விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே போனார். வரி முடிந்த பிறகுதான் அட்டையைக் கீழே இறக்கினார். ‘இருக்கறத வாசி தம்பி. இருக்கணும்னு நெனைக்கிறத வாசிக்காத.’ அவ்வளவுதான் சொன்னார். ஓரம் மழுங்கி, அச்சு மை அப்பிக் கறுத்துப்போயிருந்த அந்த அட்டையை ஆறு மாதம் நான் கீழே வைக்கவில்லை. நாவல் ஒரே இரவில் முடிந்தது என்கிறீர்கள். அது 600 பக்கம். எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. ஏழு வருஷம் எழுதினேன், அதன் முக்கியமான வாக்கியங்களின் மேல் நீங்கள் ஓடிப்போயிருக்கிறீர்கள். வாசிப்பே குறைந்துவிட்டது என்று மேடைதோறும் வருத்தப்படுகிறோம். வாசிப்பவர்களும் வரியை முடிக்காமல் தாவுகிறார்கள் என்பதைத்தான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

இனி, உங்கள் ஒரு மணி நேரம். தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். வெளியிட்ட கேள்விகளை மட்டும் எடுங்கள். தினம் எட்டுக் கேள்வி, 12 நிமிடம். தேர்வின் முதல் பகுதியில் 12 கேள்விக்கு 18 நிமிடம் தருகிறார்கள், அதே வேகம்தான் இது. அந்த முதல் பகுதியை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாம் பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். அவசரத்துக்கு விலை அங்கேயே தொடங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் 48 நிமிடமும் தப்பாகப் போனவற்றுக்கும், குருட்டாம்போக்கில் சரியாகிப்போனவற்றுக்கும். பத்தியின் மேல் அட்டையை வைத்து ஒவ்வொரு வாக்கியமாக இறக்குங்கள். வாக்கியம் முடிந்ததும் அது என்ன சொன்னது என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வி என்றால் விடைகளை மூடிவிட்டு உங்கள் சொந்தச் சொல்லை முதலில் எழுதுங்கள். ‘தயங்கினார்’ என்று தமிழில் எழுதினாலும் சரி. அதற்குப் பிறகு திறந்து பாருங்கள். தேர்வு மையத்திலும் எழுதிப் பார்க்க வெறும் தாள் தருவார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே கடைசி நிமிடத்தில் எதையும் காலியாக விடவேண்டாம். இலவச மாதிரித் தேர்வுகள் இரண்டில் ஒன்றைச் செலவழித்துவிட்டீர்கள். மற்றதைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்புவரை திறக்காதீர்கள்.

தேதியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். சரியாக வராவிட்டால் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

இன்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அந்தப் பறவைப் பத்தியை அட்டை வைத்து வாசியுங்கள். நீங்கள் போட்ட விடை ஏன் தவறு என்று இரண்டு வரி, தமிழில், உங்கள் வார்த்தையில் எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவில்லையென்றால் நானே கேட்டு எழுதுவேன்.