கார்புரேட்டரில் கழன்று கிடக்கும் ஹோஸ்கள்: எது எங்கே?

வணக்கம் நண்பரே. கார்புரேட்டரைக் கழுவி மாட்டியபின் மூன்று ஹோஸ் மிச்சமாகக் கிடக்கின்றன, ஊட்டிக் குளிரில் வண்டி ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காத நிலையில்) நிற்காமல் அணைகிறது என்று எழுதியிருந்தீர்கள். பழைய பெட்ரோல் பிக்கப் என்பதால் விரலாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பெட்ரோல் ஹோஸ் சரியாக மாட்டியிருக்கிறதா, கிளிப் இறுக்கமா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். அப்புறம் திறந்திருக்கும் முனைகளை எல்லாம் அடைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து விரலை வையுங்கள். ஐடிலில் இழுக்காமல், ஆக்சிலரேட்டர் லேசாகக் கொடுத்ததும் இழுக்கிற முனைதான் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்) போகும் மெல்லிய ஹோஸுக்கு உரியது. ஐடிலிலேயே பலமாக இழுப்பது மேனிஃபோல்டு வேக்குவம், அதாவது இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயின் உறிஞ்சல். வால்வு கவரிலிருந்து வரும் ஹோஸில் பிசிவி வால்வு (இன்ஜினுக்குள் சேரும் புகையைத் திரும்ப உள்ளே இழுக்கவிடும் சிறு வால்வு) இருந்தால் அது மேனிஃபோல்டுக்கு. வால்வு இல்லாத மூச்சு ஹோஸ் ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு.

உங்கள் வண்டியில் பிரேக் பூஸ்டர் (வேக்குவத்தால் பிரேக் மிதியை லேசாக்கும் பாகம்) இருந்தால் அந்தத் தடித்த ஹோஸை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். அது கழன்றால் பிரேக் மிதி கல்லாகிவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இதைச் சரிபார்க்காமல் தயவுசெய்து அந்தப் பக்கம் இறங்காதீர்கள்.

வேக்குவம் கேஜ் (இந்த உறிஞ்சலைப் பாதரச இன்ச்சில் அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து, அளவு குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஒரு இன்ச் குறையும். சமவெளியில் 18 காட்டும் இன்ஜின் ஊட்டியில் 11 காட்டினால் அது நல்ல இன்ஜின்தான். ஹோஸ் எல்லாம் மாட்டிய பிறகுதான் கார்புரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொடுங்கள்.