கண்டக்டர் பதில்கள்: ஆகஸ்ட் 15க்கு மலை ஏறுகிறவர்களுக்கு

(கொடைக்கானல் மலைச்சாலையில் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், சுதந்திர தின விடுமுறைக்கு மேலே வர நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

2025ல் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வந்தது, மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. 2026ல் சனிக்கிழமையில் வந்து ஒரு லீவையே முழுங்கிவிட்டதே?
– வாசகர், ஈரோடு

உங்களுக்கு ஒரு நாள் நஷ்டம். கொடைக்கானல் ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியில் குடியிருக்கிறவர்களைக் கேளுங்கள், அது அவர்களுக்கு எவ்வளவு லாபம் என்று சொல்வார்கள்.

14ஆம் தேதி ராத்திரி கம்பெனி முடிந்ததும் காரில் கிளம்பி, விடிகிற நேரத்துக்குக் கொடைக்கானல் போய்விடலாம் என்று திட்டம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். சரிவருமா?
– வாசகர், திருப்பூர்

தம்பி, இதே திட்டத்தோடுதான் கோயம்புத்தூர், மதுரை, திருச்சி எல்லாமே அன்று ராத்திரி கிளம்புகிறது. பகல் முழுக்க மெஷின் சத்தத்தில் நின்ற ஆள், ஆகஸ்ட் மாத மூடுபனியில் ராத்திரி மலை ஏறக் கூடாது. பழனியில் படுத்து எழுந்து, வெளிச்சம் வந்ததும் ஏறுங்கள். திருப்பூர்க்காரர்களுக்குத் தாராபுரம், பழனி வழிதான் பக்கம், வத்தலகுண்டு போனால் சுற்று. பழனிச் சாலை கொஞ்சம் ஒடுக்கம், அவ்வளவுதான்.

ஆனால் எந்த வழியாக வந்தாலும் பெருமாள்மலையில் இரண்டு சாலையும் ஒன்றாகிவிடும். அங்கிருந்து ஊர் சுமார் 12 கிலோமீட்டர். லீவு நாளில் கொடைக்கானல் பயணம் என்பது அந்த 12 கிலோமீட்டர்தான், மற்றதெல்லாம் சும்மா.

நெரிசல் எப்படி ஆரம்பிக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். வெள்ளி நீர்வீழ்ச்சியில் போட்டோ எடுக்க ரோட்டோரமாக நாலு கார் நிற்கும். மேலே போகிற வண்டிகள் வரிசையாக ஊர்ந்து வரும். வரிசையில் ஒருவருக்குப் பொறுமை போய், வலது பக்கம் காலியாக இருக்கிறதே என்று வெளியே வருவார். அவர் பின்னாலேயே இன்னும் ஐந்தாறு பேர். எதிரே வளைவில் எங்கள் பஸ் இறங்கும். வளைவில் பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும், முன்பக்கம் பள்ளத்தின் மேல் எட்டிப் பார்த்துத்தான் பின்பக்கம் திரும்பும். இப்போது பஸ் பின்னால் போக முடியாது, கார்களும் பின்னால் போக முடியாது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இறங்கி, கடைசிக் காரிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்ணாடியைத் தட்டி ரிவர்ஸ் எடுக்கச் சொல்ல வேண்டும். கண்ணாடியை இறக்காமலே "நீங்க முதல்ல பஸ்ஸை எடுங்க" என்று கையை ஆட்டுகிறவர்கள் உண்டு. மழை வேறு தூறும்.

அதனால் நான் சொல்வது: பஸ்ஸில் வாருங்கள். பஸ்ஸும் அதே நெரிசலில்தான் நிற்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் வலிப்பது டிரைவருக்கு. நீங்கள் தூங்கலாம். 12 மைல் ரவுண்டை (மோயர் பாயின்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை) 15ஆம் தேதி மதியம் வைக்காதீர்கள். தூண் பாறை 400 அடி உயரம் என்று போர்டில் படிப்பீர்கள், ஆகஸ்ட் மதியத்தில் பெரும்பாலும் போர்டு மட்டும்தான் தெரியும். ஏரியைக் காலை ஆறு மணிக்குச் சுற்றிவிடுங்கள்.

இன்னொரு யோசனை. மேலே வரைக்கும் வராமலே இருக்கலாம். பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று கீழ்மலை இருக்கிறது. காப்பித் தோட்டம், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, மலைவாழை. தாண்டிக்குடியில் முருகன் கோயில், பக்கத்தில் பெருங்கற்காலத்தில் இறந்தவர்களுக்காகக் கல் அடுக்கி எழுப்பிய கல்திட்டைகள். ஏரி இல்லை, குதிரை இல்லை, சாக்லேட் கடை வரிசை இல்லை. பிள்ளைகள் முதல் ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கிவைத்திருக்கும், அப்புறம் ஓட ஆரம்பித்துவிடும். உங்கள் அம்மாவுக்கு இதுதான் பிடிக்கும்.

கொடைக்கானல் ரோடு வரை ரயில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கு ஆட்டோ கிடைக்குமா?
– வாசகி, சென்னை

அம்மா, அந்த ஸ்டேஷன் அம்மையநாயக்கனூரில், சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர். விடிகாலையில் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு ரயிலை விட்டு இறங்கி வியர்த்து நிற்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வத்தலகுண்டு போய் மலை பஸ் பிடியுங்கள். சாதாரண நாளில் அங்கிருந்து இரண்டரை மணி நேரம் போதும். லீவு நாள் கணக்கை மேலே சொல்லிவிட்டேன்.

அரசு பஸ்ஸில் வந்தாலும் இ-பாஸ் வேண்டுமா?
– வாசகர், விழுப்புரம்

வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த இ-பாஸ், சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருகிறவர்களுக்குத்தான். இணையத்தில் இலவசம். வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். சோதனைச் சாவடிக்கு வந்து, சிக்னல் இல்லாத போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றால், பின்னால் இருக்கிற ஹாரனெல்லாம் உங்களுக்குத்தான். தண்ணீருக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி.

காரின் முன்னால் தேசியக் கொடி கட்டிக்கொண்டு மலை ஏற ஆசை. தடை ஏதும் உண்டா?
– வாசகர், நாமக்கல்

உண்டு. காரில் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், முதல்வர், அமைச்சர்கள், நீதிபதிகள் என்று சிலருக்குத்தான், 2002ஆம் ஆண்டு கொடிச் சட்ட விதியில் பட்டியலே இருக்கிறது. பானெட் மேல் விரித்துக் கட்டுவதும் கூடாது. வீட்டில் ஏற்றுங்கள், 2022லிருந்து ராத்திரியிலும் பறக்கவிடலாம். 16ஆம் தேதி காலையில் மலைச்சாலை ஓரச் சாக்கடையில் கிடக்கிற பிளாஸ்டிக் கொடிகளைத் துப்புரவுப் பணியாளர்கள் பொறுக்குவதைப் பார்த்தவனுக்குக் கார் கொடி மேல் கொஞ்சம் கோபம் உண்டு. பிளாஸ்டிக் கொடியே விதிப்படி தப்பு.

பஸ் ஊழியர்களுக்குச் சுதந்திர தினம் எப்படிப் போகும்?
– வாசகி, தஞ்சாவூர்

டிப்போவில் கொடியேற்றுவதற்கு முன்பே முதல் வண்டி கிளம்பிவிடும். அதனால் எனக்குக் கிடைத்த கொடியேற்றமெல்லாம் ஜன்னல் வழியாகத்தான். பண்ணைக்காடு பிரிவு தாண்டி ரோட்டை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். ஒரு வருஷம் சரியாக அந்த நேரத்துக்கு எங்கள் வண்டி வந்தது, டிரைவர் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். தலைமை ஆசிரியர் கயிற்றை இழுக்கிறார், கொடி கம்பத்தின் உச்சியில் பொட்டலமாகவே இருக்கிறது. ராத்திரி மழையில் முடிச்சு ஊறி இறுகிவிட்டது. பி.டி. வாத்தியார் வந்து இழுத்தார். ஒரு பெரிய பையன் கம்பத்தில் ஏற, பாதியில் வழுக்கிக்கொண்டு இறங்கினான். பிள்ளைகள் சல்யூட் அடித்த கையை இறக்கவே இல்லை. கடைசியில் சத்துணவு சமைக்கிற அம்மா கயிற்றை வாங்கி வெடுக்கென்று ஒரு சொடுக்குச் சொடுக்கினார். கொடி விரிந்தது, உள்ளே வைத்த செவ்வந்தி இதழ் ஒன்றுகூட விழவில்லை, எல்லாம் துணியிலேயே ஒட்டிக்கொண்டது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் எழுந்து நின்றோம்.

முறைப்படி பார்த்தால், ஆகஸ்ட் 15ல் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும், ஜனவரி 26ல்தான் உச்சியில் கட்டிவைத்து விரிப்பது. ஆனால் பூ விழுவதைப் பார்க்க ஆசைப்படுகிற பள்ளிக்கூடத்தில் யார் போய் இதைச் சொல்வது?

என் தம்பி மலையில் ஒரு லாட்ஜில் ரூம் பாய். ஆகஸ்ட் 15க்கும் லீவு கிடையாது, சாப்பாடு போட்டால் போதும் என்கிறார்களாம். நியாயமா?
– வாசகி, தேனி

நியாயமில்லை தங்கச்சி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு தர வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு 1958லேயே சட்டம் வந்துவிட்டது. தம்பி தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தால், அந்த லாட்ஜ் பையன்கள் எல்லோருமாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். நாம் நாலு நாள் ஜாலியாக இருந்துவிட்டுப் போகிற போர்வையைத் துவைக்கிறவன் அவன்.

15ஆம் தேதி மலையில் டாஸ்மாக் திறந்திருக்குமா?
– பெயர் வேண்டாம், கரூர்

எங்கும் திறக்காது. பெயர் வேண்டாம் என்றதிலேயே பதில் தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள்.

பிள்ளைகளுக்குச் சுதந்திரப் போராட்டம் சம்பந்தமாக ஏதாவது காட்ட வேண்டும். கொடைக்கானலில் என்ன இருக்கிறது?
– வரலாற்று ஆசிரியை, கரூர்

டீச்சர், மேலே தேட வேண்டாம், அடிவாரத்திலேயே இருக்கிறது. வத்தலகுண்டில் டீ குடித்துவிட்டு மேலே ஓடிவிடுகிறோமே, அந்த ஊரில்தான் 1884 அக்டோபர் 4ல் சுப்பிரமணிய சிவா பிறந்தார். 1908ல் வ.உ.சி.யோடு சேர்த்துத் தண்டித்தார்கள். சிறையில் தொழுநோய் பிடித்தது. வெளியே வந்தபின், அந்த நோயுள்ளவர்கள் ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. மனிதர் வீட்டில் உட்காரவில்லை. கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23ல் பாப்பாரப்பட்டியில் இறந்தபோது வயது நாற்பதுதான். ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டுச் சண்டை பிடிக்கிறவர்களிடம் வத்தலகுண்டு பஸ் ஸ்டாண்டில் வைத்து இதைச் சொல்லலாமா என்று பல தடவை வாய் வரை வந்ததுண்டு.

இன்னொருவர் மலைக்கு வடக்கே, திண்டுக்கல் – பழனி தடத்தில், ஒட்டன்சத்திரம் தாண்டி. விருப்பாச்சி என்றால் நமக்கு மலைவாழைதான் ஞாபகம் வரும். அந்தப் பாளையத்தை ஆண்டவர் கோபால் நாயக்கர். 1772ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்து வந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தவர். நாச்சியார் ஹைதர் அலியின் உதவியோடு 1780ல் சிவகங்கையை மீட்டார். அதன் பிறகும் நாயக்கர் சும்மா இருக்கவில்லை, பாளையக்காரர்களைத் திரட்டிக் கம்பெனிப் படையோடு மோதினார். 1801ல் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். விருப்பாச்சியில் மணிமண்டபம் கட்டியிருக்கிறார்கள். அன்று அங்கே நெரிசல் இருக்காது, அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னும் நேரம் இருந்தால், 15ஆம் தேதி ஏதாவது ஒரு மலை ஊராட்சியில் கிராம சபை நடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பண்ணைக்காடு பேரூராட்சி, அங்கே கிடையாது. தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் மாதிரி ஊராட்சிகளில் நடக்கும். காட்டுமாடு பீன்ஸை மேய்ந்தது, தண்ணீர்க் குழாய் உடைந்தது என்று ஆள் மாற்றி ஆள் எழுந்து அதிகாரியிடம் கேட்பார்கள். ஏரியில் படகு விடுவதைவிடப் பிள்ளைகளுக்கு அதில் சுவாரஸ்யம் அதிகம், சத்தியமாக.

காட்டுமாடு ரோட்டில் நின்றால் என்ன செய்வது?
– வாசகர், புதுச்சேரி

அது ஊருக்குள்ளேயே உலாவும். நடந்து போகும்போது பார்த்தால் பக்கத்துக் கடைக்குள் போய்விடுங்கள். பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், ஹாரனும் வேண்டாம். தனியாக நிற்கிற கடா என்றால் கூடுதல் தூரம்.

ஞாயிறு சாயங்காலம் இறங்கினால் திங்கள் காலை ஆபீஸ் போய்விடலாமா? இறங்கும்போது எனக்கு வாந்தி வேறு வரும்.
– வாசகி, மதுரை

சாயங்காலம் வேண்டாம் அம்மா. காலை டிபனை முடித்துக்கொண்டு, அதுவும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். இஞ்சி மரப்பா வாயில் ஒதுக்குங்கள். கார் ஓட்டுகிறவரிடம், எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கிலேயே இறக்கினால் கருகல் வாடை வரும், அந்த வாடையிலேயே பாதிப் பேருக்குக் குமட்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, ஒதுங்கி நிற்க வேண்டியது இறங்குகிறவர்.

ஆகஸ்டில் பேரிக்காய் கூடை கூடையாக வரும், பெருமாள்மலைக் கடைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வருவதானால் ஊருக்குள் ஏழுரோடு சந்திப்பில் கை காட்டி நிற்காமல் பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஏறுங்கள். சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள், லீவு முடிகிற அன்று எல்லோரும் ஐந்நூறு ரூபாயைத்தான் நீட்டுவார்கள்.